அந்தியில் ஆடும் கை

முதலில் தேநீர் ஆறிப்போயிருந்ததைத்தான் மஸ்தூரா கவனித்தாள். கையைக் கவனித்தது அதற்குப் பிறகு.

கோகந்த் ஊரின் காற்று மதியமே கிளம்பி, முற்றத்துப் பந்தலில் காய்ந்து கிடந்த திராட்சைக் கொடிகளைத் தகரக் கூரையோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. குழாயில் எரிவாயு குறைந்து அடுப்பின் நீலச் சுடர் நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மின்சாரம் போய் வெகுநேரமாகிவிட்டது. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது. அறையில் பஞ்சின் வாசனையும் சுவரின் ஈர வாசனையும் இருந்தன. அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று, லேசாகப் புளித்து, இனித்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று. தைத்துக்கொண்டிருந்த குழந்தை மெத்தை மடியில் கிடந்தது. ஊசி அதில் குத்தியபடி நின்றது. உட்கார்ந்தபடியே அசந்துவிட்டிருக்கிறாள்.

வலது கை மட்டும் அசரவில்லை. அது உடம்புக்குப் பக்கவாட்டில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், எதையோ பிடித்திருப்பது போல விரல்களை மடக்கிக்கொண்டு, போய் வந்துகொண்டிருந்தது. மெதுவாக. சீராக. நடுக்கம் இல்லை. நடுக்கத்தில் இவ்வளவு பொறுமை இருக்காது.

அவள் இடது கையால் அதைப் பிடித்து மடியில் அழுத்தினாள். அடங்கியது. அடங்கிய அடுத்த நொடி வலி வந்தது. பின்கழுத்தில் கிளம்பி, தோள்பட்டைக்குள் இறங்கி, முழங்கை வழியாகக் கட்டைவிரல் நுனிவரை சூடான கம்பியை யாரோ உருவுவது போல.

பழைய வலிதான். வருடக்கணக்காகக் குனிந்து மெத்தை தைத்ததில் கழுத்து எலும்புகளுக்கு நடுவிலிருந்த சவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கியது என்றார்கள். தாஷ்கந்தில் தொண்டையை முன்பக்கமாகக் கிழித்து, சவ்வை எடுத்துவிட்டு, அவளுடைய இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் வைத்து, மேலே தகடு போட்டுத் திருகினார்கள். எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து இறுகின. வலி போயிற்று. கூடவே குனிவதும் திரும்புவதும் போயின. தன் மார்பைத் தானே பார்க்க வேண்டுமென்றால் அவளுக்குக் கண்ணாடி வேண்டும். பின்னால் யார் வந்தாலும் வண்டியைத் திருப்புவது போல மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். அதற்கெல்லாம் பழகிவிட்டாள். வலி இல்லாத வருடங்கள் அவை.

இப்போது அவள் மொத்த உடம்பையும் திருப்பினாள்.

மூலையில் தொட்டில் நின்றது. மேலே போர்வை மூடியிருந்தது. அது ஆடவில்லை. ஆனால் போர்வையின் குஞ்சலங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

*

தொட்டிலைக் கொண்டுவந்தவன் ஷுஹ்ரத். அவளுடைய ஒரே பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

முதல் பேற்றுக்குப் பெண்ணின் பிறந்தவீடு தொட்டில் கொண்டுவர வேண்டும். மருமகள் செவராவுக்குப் பிறந்தவீடு என்று ஒன்று இல்லை. மாமன் வீட்டில் வளர்ந்தவள். நாலு பேர் நாலுவிதமாகப் பேசுவதற்குள் ஷுஹ்ரத்தே ஏற்பாடு செய்துவிட்டான். பரணில் சாக்கு சுற்றிக் கிடந்த பழைய தொட்டிலை அம்மாவிடம் சொல்லாமல் இறக்கி, தச்சனிடம் கொடுத்து, பச்சையும் சிவப்புமாகப் பூப்போட்டு வண்ணம் அடித்து, ஒரு மாலைப்பொழுதில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

பக்கத்து வீட்டு ஹோஜர் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மஸ்தூராவைவிட மூத்தவள், தெருவில் எல்லோருக்கும் ஓபா, அதாவது அக்கா, வாய் அதிகம்.

"செவரா, நீ குடுத்துவெச்சவடி. ஊர்ல மாமியார்க்காரிங்க எல்லாம் மருமக எங்க போறா எங்க வர்றான்னு தலையத் திருப்பித் திருப்பிப் பாப்பாளுங்க. உன் மாமியாருக்குத் தலை திரும்பவே திரும்பாது. பின்னாடி நின்னு நாக்கத் துருத்தினாக்கூடத் தெரியாது."

"நான் அப்படிச் செய்யல ஓபா," என்றாள் செவரா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

"செய்டி. யார் வேணாங்கறா?"

மஸ்தூராவும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஷுஹ்ரத் தொட்டிலை நடு அறையில் இறக்கிவைத்துவிட்டு, அம்மாவிடம், "ஓயி, பாருங்க. தச்சன் சொல்றான், இப்ப இந்த மாதிரி மரம் கெடைக்காதாம். எப்படி வழுக்கிட்டு ஆடுது பாருங்க," என்று மேல்கட்டையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினான்.

ஹோஜர் எட்டி அவன் கையில் அடித்தாள். "காலித் தொட்டில ஆட்டாதடா, கழுத. வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கிறா. காலித் தொட்டில ஆட்டினா பிள்ளைக்கு ஆகாதுன்னு உனக்கு யாரும் சொல்லிக்குடுக்கலையா?"

"சரி சரி, ஆட்டல. ஓயி, நான் இதுலதானே வளந்தேன்?"

மஸ்தூரா எழுந்து தேநீர்க் கெண்டியை எடுத்தாள். ஹோஜர்தான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாடா, இதுலதான். ராத்திரியெல்லாம் கத்துவ," என்றாள். பொய். அவன் வளர்ந்தது ஹோஜர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய தொட்டிலில்.

வாசல்வரை வழியனுப்பப் போனபோது ஹோஜர் குரலைத் தாழ்த்தினாள். "இது அதுதானே?"

"அதுதான்."

"அவன்கிட்ட சொல்லித் தொலையேன்."

"என்னன்னு சொல்றது? ஆசையா வண்ணம் அடிச்சுக் கொண்டாந்திருக்கான். அதுலயும் அவ இப்ப இருக்கிற நெலமையில."

ஹோஜர் தலைத்துணியை இழுத்து இறுக்கினாள். "சரி. மூடி வை. யாரையும் தொட விடாத," என்றுவிட்டுப் போனாள்.

*

ரஷ்யாவோடு சேர்ந்திருந்த பெரிய நாடு உடைந்த பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. விளக்கு இல்லை, எரிவாயு இல்லை, கடையில் மருந்து இல்லை. மஸ்தூராவின் முதல் குழந்தை முனிஸாவுக்குத் தவழும் வயது வரவில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, அழும்போதெல்லாம் அழுகையின் கடைசியில் ஒரு இருமல் கொக்கி போட்டது போல மாட்டிக்கொண்டு வரும்.

இந்த ஊர்த் தொட்டிலில் குழந்தையைக் கையும் காலும் பட்டையால் கட்டிப் படுக்கவைப்பார்கள். பால் கொடுக்க எடுப்பதில்லை. தாய்தான் தொட்டிலின் மேல்கட்டையில் அக்குளை ஊன்றி, கழுத்தை வளைத்து, குழந்தையின் வாய்வரை குனிய வேண்டும். ஒரு கையால் ஆட்டிக்கொண்டே கொடுப்பாள். அன்று அந்தி நேரம். மஸ்தூரா அப்படித்தான் குனிந்திருந்தாள். குழந்தை குடித்தது, இருமியது, குடித்தது. பிறகு விட்டுவிட்டது. தூங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். எழுந்துவிடக் கூடாதே என்று எழாமலேயே ஆட்டினாள். பக்கத்து அறையில் பேசியவர்களை "உஷ்" என்று அடக்கினாள். கை மரத்துப்போகும்வரை ஆட்டினாள்.

மாமியார் விளக்கோடு வந்து குழந்தையின் நெற்றியில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"எவ்வளவு நேரமாடி காலித் தொட்டில ஆட்டிட்டிருக்க?"

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை. தொட்டில் பரணுக்குப் போனது. கணவன் பிறகு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மாமியார் செத்தாள். முனிஸாவைத் தெரிந்தவர்கள் என்று இந்த ஊரில் மிஞ்சியது இரண்டு பேர்.

*

மருத்துவர் இளைஞர். புது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பு நல்லா சேர்ந்திருக்கு. தகடு அசையல. மேல் மூட்டு கொஞ்சம் தேஞ்சிருக்கு, இது எல்லாருக்கும் வர்றதுதான். சேர்த்து வெச்ச எலும்போட வேலையையும் அதுதானே பாக்குது. ஆனா இந்தத் தேய்மானத்துக்கு இவ்வளவு வலி வராது." அவர் அவளுடைய தோளைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன?"

"எது?"

அவளால் குனிந்து பார்க்க முடியாது. மருத்துவர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். அக்குளிலிருந்து மார்பின் மேல்பக்கம்வரை, ஒரு கட்டையின் அகலத்துக்கு, நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. ஓரங்களில் மஞ்சள். ஒரு நாளில் வந்த கன்றல் இல்லை.

"வீட்டுல கைக்குழந்தை இருக்கா?"

"இல்ல. மருமகளுக்கு இன்னும் மாசம் ஆகல."

"அப்ப யாருக்குத் தொட்டில் மேல குனிஞ்சு பால் குடுக்கிறீங்க?" என்று சிரித்தார் மருத்துவர். "கோவிச்சுக்காதீங்கம்மா. எங்கக்காவுக்கும் இதே எடத்துலதான் இருக்கும். நான் அவளைத் திட்டிட்டே இருப்பேன், பிள்ளையத் தூக்கி மடியில வெச்சுக் குடுடின்னு."

அவள் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பேருந்தில் வரும்போது சூரியன் இறங்கியது. பக்கத்து இருக்கைக்காரி, "ஓபா, கைய ஆட்டாம இருங்களேன், என் பால்கேன் கொட்டுது," என்றாள்.

*

செவராவுக்கு மாதம் ஆவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. ஷுஹ்ரத் அவளை ஃபெர்கானா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் கால் வெளியே தொங்காது என்றான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பெற்றவளைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை. அவன் அங்கே ஒரு கூட்டாளியின் அறையில் தங்கிக்கொண்டான். மஸ்தூரா வீட்டில் தனியாக இருந்தாள்.

முதல் நாள் அந்தியில் அவள் சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைவிருப்பது அதுதான். அடுத்த நினைவு, தொட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தது. போர்வை தரையில் கிடந்தது. மேல்கட்டை அக்குளுக்கு அடியில் இருந்தது. கை ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டிலின் வளைகால்கள் தரையில் உருண்டு உருண்டு, டொக். டொக். டொக். கரைத்த மாவு விரல்களில் காய்ந்து போயிருந்தது.

போன் அடித்தது.

"ஓயி." ஷுஹ்ரத்தின் குரல் எங்கோ குழாய்க்குள்ளிருந்து வந்தது. "பிள்ளை மூச்சு விடல ஓயி. கொஞ்சநேரம். மறந்துட்டாளாம். இப்படிப் பிறந்த பிள்ளைங்க மூச்சு விட மறந்துடும்ங்கறாங்க. தட்டி எழுப்பிட்டாங்க. இப்ப பரவால்ல."

"எப்ப?"

"இப்பதான். பொழுது சாயற நேரம்."

மறுநாள் பொழுது சாயும்முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹோஜர் வீட்டுக்குப் போனாள். ஹோஜர் ரொட்டி வைத்தாள், பழப்பாகு வைத்தாள், விறகடுப்புக்கு அருகில் திண்டு போட்டாள். பேசிக்கொண்டேயிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். மேசைமேல் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. மஸ்தூராவின் கை மேசைக்காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"விடுடி," என்றாள் ஹோஜர்.

"நான் செய்யல ஓபா."

ஹோஜர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஆண்பிள்ளை போல வேலை செய்த கிழவி அவள். அவளையும் சேர்த்து அது ஆட்டியது. மஸ்தூராவின் மடியில் போன் அடித்தது. மறுபடி மூச்சு நின்றிருந்தது. முந்தின நாளைவிட அதிக நேரம்.

பேசி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அதைத் தூக்கி வெளிய போட்டுடலாம்," என்றாள் மஸ்தூரா. "எரிச்சுடலாம். எனக்குக் கையில பலமில்ல, கிண்ணம்கூட நழுவுது. நீங்கதான்..."

"பிள்ளை உசுருக்குப் போராடிட்டிருக்கு. இந்த நேரத்துல அதோட தொட்டில வாசல்படி தாண்டித் தூக்கிட்டுப் போறதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? நான் தொட மாட்டேன். ஊர்ல ஒருத்தன் தொட மாட்டான்." ஹோஜர் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து தன் புருஷனுடைய பழைய இடுப்புத் துணியை எடுத்து உதறினாள். "கையத்தான கட்டணும். கட்டிடலாம்."

*

கட்டியது பலித்தது. பலிக்காமல் போயிருந்தாலாவது பரவாயில்லை.

அந்திக்கு முன் ஹோஜர் வருவாள். மஸ்தூராவை இரும்புக் கட்டிலுக்கு அருகில் தரையில் உட்காரவைத்து, வலது கையைக் கட்டில் காலோடு சேர்த்துத் துணியால் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போடுவாள். பிறகு எதிரில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள். வெளிச்சம் சுவரிலிருந்து வடியும். தொழுகைக்கு அழைக்கும் குரல் காற்றில் கிழிந்து கிழிந்து வரும். கை இழுக்கும். கட்டில் தரையில் கிறீச்சிடும். கழுத்துக்குள் தகடு சூடேறுவது போலிருக்கும், திருகாணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்குமிடம் தெரியும்.

பிறகு குழந்தை அழும்.

முதலில் சிணுங்கல். பால் வேண்டும் என்கிற சிணுங்கல். பதில் வராததால் கோபம். கோபத்துக்குப் பிறகு அடிவயிற்றிலிருந்து அழுகை. ஒவ்வொரு அழுகையின் கடைசியிலும் அந்த இருமல், கொக்கி போட்டு.

"கேக்குதா ஓபா?"

"காத்துடி."

"அவளேதான். அந்த இருமல் கேக்கல உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ இந்தப் பக்கம் பாரு. என்னைப் பாரு."

மஸ்தூராவின் சட்டை முன்பக்கம் நனைந்தது. மாதவிலக்கே நின்றுபோன உடம்பு. ஹோஜர் அதைப் பார்த்தாள், தன் சால்வையை எடுத்து அவள்மேல் போர்த்தினாள்.

அழுகை ஓயும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வது திடீரென்று இல்லை. தொண்டை கட்டி, குரல் தேய்ந்து, விக்கலாகி, விக்கல்களுக்கு நடுவில் இடைவெளி நீண்டு. ஒவ்வொரு அந்தியும் மஸ்தூரா அதை முழுக்கக் கேட்டாள். முதல்முறை அது நடந்தபோது குழந்தை தூங்குகிறது என்ற நம்பிக்கையாவது அவளுக்கு இருந்தது.

அதற்கப்புறம் போன் வரும். "இன்னிக்கு மூச்சு நல்லா இருக்கு ஓயி." "இன்னிக்குக் குழாயை எடுத்துட்டாங்க." "செவரா கைல குடுத்தாங்க, தானே சப்பிக் குடிச்சுதாம்." ஷுஹ்ரத் ஃபெர்கானாவில் நின்றுகொண்டு சிரித்தான், அழுதான். "எல்லாம் உங்க துஆ, உங்க வேண்டுதல்தான் ஓயி."

அவள் "ஆமா ராசா," என்பாள். கட்டில் காலிலிருந்து ஹோஜர் அவள் கையை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். மணிக்கட்டில் துணி அறுத்த இடம் பச்சைப் புண்ணாக இருக்கும்.

ஒருநாள் மஸ்தூரா சொன்னாள்: "ஓபா, நான் ஒரு பிள்ளையப் பட்டினி போட்டுத்தான் இன்னொண்ணைக் காப்பாத்தறேன்."

"அது பிள்ளை இல்ல."

"பின்ன என்ன?"

ஹோஜர் அவிழ்த்த துணியை உதறி மடிக்கத் தொடங்கினாள். 

*

கடைசி நாள் மதியமே ஷுஹ்ரத் கூப்பிட்டுவிட்டான். நாளைக்குக் காலையில் அனுப்பிவிடுவார்களாம். அறையைச் சூடாக வைக்கச் சொன்னான். "தொட்டில ரெடி பண்ணி வைங்க ஓயி."

"தொட்டில் வேணாம்டா. என் பக்கத்துல போட்டுக்கறேன்."

"ஏன்? நான் அவ்வளவு ஆசையா..."

"வந்ததும் சொல்றேன். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லிருக்கணும்."

"நல்ல விஷயமா?"

"உனக்கு ஒரு அக்கா இருந்தா," என்று வாய்வரை வந்தது. போனில் சொல்லும் விஷயம் இல்லை. "நேர்ல வா," என்றாள்.

ஹோஜருக்கு அன்று நாத்தனார் மகள் கல்யாணம். போகாவிட்டால் பிறகு காலத்துக்கும் பேசுவார்கள். "ஒரு நாள்தானே. நீயே கட்டிக்குவியா?" என்று பத்துமுறை கேட்டுவிட்டுப் போனாள். மஸ்தூரா அறையைப் பெருக்கினாள். மெத்தைகளைத் தட்டிப் போட்டாள். தொட்டிலைச் சுவர்ப்பக்கம் காலால் தள்ளி, போர்வைமேல் போர்வையாக மூடினாள். கட்டில் காலுக்கு அருகில் உட்கார்ந்து, இடது கையாலும் பல்லாலும் முடிச்சு போட்டாள். ஹோஜரின் முடிச்சு மாதிரி இல்லை. இருந்தாலும் முடிச்சுதான். போனைப் பக்கத்தில் மெத்தைமேல் வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் போனது.

அன்று காற்று இல்லை. அதுவே சரியில்லாமல் இருந்தது. அழைப்புக் குரல் தெளிவாக வந்து, முடிந்து, பிறகு தெருவே வாயை மூடிக்கொண்டது. நாய்கூட இல்லை. அவள் காத்திருந்தாள். கை இழுக்கவில்லை. கட்டில் கிறீச்சிடவில்லை. தொட்டில் இருந்த மூலை மெல்ல மெல்லச் சுவரோடு சேர்ந்து கறுத்தது. சிணுங்கல் வரவில்லை. கோபம் வரவில்லை. இருமலுக்காகக் காதைத் தீட்டினாள். தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது.

போய்விட்டது என்று நினைத்தாள். நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. முனிஸா, என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பெயரை உரக்கச் சொல்லி எத்தனையோ வருடங்களாகிவிட்டன.

அப்போது அழுகை வந்தது.

மிக மெல்லியது. பூனைக்குட்டி மாதிரி. மூச்சுக்கு ஒரு முனகல், அவ்வளவுதான். இருமல் இல்லை. இருமக்கூடப் பலமில்லை என்று நினைத்தாள். இத்தனை அந்தி பட்டினி. ஒவ்வொன்றையும் இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் தேய்ந்து தேய்ந்து இவ்வளவாகிவிட்டது.

சாகப்போகிறது.

மறுபடியும்.

கட்டிய கை அசையாமல் கிடந்தது. யாரும் இழுக்கவில்லை. அவள்தான் முடிச்சில் பல்லை வைத்தாள்.

ஒரே ஒருமுறை. நாளைக்கு வீட்டுக்குப் பிள்ளை வந்துவிடும். இன்றைக்கு மட்டும். ஒரு வாய்.

துணி அவிழ்ந்தது. அவள் தவழ்ந்தாள். போர்வைகளை இழுத்தாள். ஒன்று. இன்னொன்று. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் சூடு. பால் வாசனை முகத்தில் அடித்தது. அக்குளை மேல்கட்டையில் ஊன்றினாள். கன்றிய இடத்தில் கட்டை கச்சிதமாகப் பொருந்தியது. சட்டையைத் திறந்தாள். குனிந்தாள்.

கழுத்து வளைந்தது.

தகடும் திருகாணியும் இறுகிய எலும்பும் இருந்த கழுத்து, எந்த மருத்துவரும் வளையாது என்று சத்தியம் செய்யும் கழுத்து, இருபது வயதில் வளைந்தது போல வளைந்தது. வலி போயிற்று. கழுத்தில், தோளில், முழங்கையில், கட்டைவிரலில். விளக்கை அணைத்தது போல. சின்ன வாய் தேடியது. கண்டுபிடித்தது. பிடித்துக்கொண்டது.

குடித்தது. மூச்சு விடாமல் குடித்தது.

"குடி கண்ணே," என்றாள். "குடி. அம்மா எங்கயும் போகல." கை தானாக மேல்கட்டையைப் பிடித்து ஆட்டியது. டொக். டொக். அவள் அழுதுகொண்டிருந்தாள். மூக்கு நுனியிலிருந்து சொட்டி உள்ளே விழுந்தது.

போன் அடித்தது.

மெத்தைமேல் திரை விரிந்து அறை முழுக்க நீலமாயிற்று. ஷுஹ்ரத். அவள் எட்டினாள். எட்டவில்லை. நிமிரப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. வளைந்த இடத்திலேயே இறுகி நின்றது.

பட்டைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து அவள் தொண்டையைத் தொட்டது. பால் குடிக்கும் பிள்ளைகள் இப்படித்தான், எதையாவது தடவிக்கொண்டே குடிக்கும். அறுவைத் தழும்பை அது விரலால் தேடித் தேடித் தடவியது. மிகச் சின்ன விரல்கள். முனிஸாவின் விரல்கள் இவ்வளவு சின்னதாக இல்லை.

மணிக்கட்டில் ஏதோ உறுத்தியது. முனிஸாவுக்கு அவள் கண்ணேறு படாமலிருக்கக் கருப்பு மணி கட்டியிருந்தாள். இது மணி இல்லை. தட்டையாக இருந்தது. ஓரம் கூராக.

இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, திரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பஞ்சு நூலில் கட்டிய ரெக்ஸின் துண்டு. ஆஸ்பத்திரியில் கட்டுவது. நீலப் பேனாவால் எழுதியிருந்தது. செவராவின் பெயர். பெண். பிறந்த தேதி.

போன் நின்றது. இருட்டு.

மறுபடி அடித்தது. நீலம். நின்றது. மறுபடி அடித்தது. அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தலையை இழுத்தாள், தலை வரவில்லை. கட்டையிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். கை ஆட்டிக்கொண்டிருந்தது. அடியில், குளிர்ந்துகொண்டே வந்த அந்தச் சின்ன விரல்கள் தழும்பின்மேல் விரிந்து மூடி, விரிந்து மூடி, குழந்தை பசியாறக் குடித்துக்கொண்டிருந்தது.